மலையிறங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது? கம்பெனி நிகழ்ச்சிகளின் சுற்றுச்சூழல் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஏற்காட்டில் ஒரு விடுதியின் பின்பக்கம், சமையல்கட்டை ஒட்டிய சிமென்ட் தளம். இரண்டு நாள் டீலர் மீட் முடிந்து, நூற்றிருபது பேரும் வண்டியேறிப் போயாகிவிட்டது. நானும் இன்னும் இரண்டு பேரும் குப்பையைப் பிரித்து எடை போட்டுக்கொண்டிருந்தோம். காய்கறிக் கடைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய தொங்கு தராசுதான் எங்கள் கருவி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் மட்டும் நானூறுக்கு மேல் இருந்தன. நசுக்கி மூட்டை கட்டலாம் என்று பார்த்தால் முடியவில்லை. பாதிக்கு மேற்பட்ட பாட்டில்களில் தண்ணீர் அப்படியே இருந்தது. இரண்டு மடக்கு குடித்துவிட்டு வைத்தது, மூடியைத் திறந்ததோடு விட்டது, டீக்குப் போய் வந்தபோது புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டதால் மறந்துபோனது. ஒவ்வொன்றாகத் திறந்து செடிகளுக்கு ஊற்றி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது.

முந்தைய நாள் மேடையில் ‘பசுமை நிகழ்ச்சி’ என்று எழுதியிருந்தது. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. பிளாஸ்டிக் ஸ்டிராவை உண்மையாகவே நிறுத்தியிருந்தார்கள். நோட்டுப் புத்தகம் மறுசுழற்சித் தாளில் இருந்தது. ஆளுக்கொரு மரக்கன்றும் நட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் எதை அளக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் கண்ணில் பட்ட சின்னப் பொருள்களை மாற்றினார்கள். கண்ணில் படாத பெரிய செலவுகள் வழக்கம்போல நடந்தன.

சேலம் பக்கம் கம்பெனி நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் மூன்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர். முப்பது கிலோமீட்டரில், இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சேர்வராயன் மலை. ஊட்டி, கொடைக்கானலை விடக் கிட்டத்தில், குறைந்த செலவில் ஒரு குளிர்ந்த இடம் வேண்டும் என்பவர்கள் ஏற்காட்டைத்தான் நினைக்கிறார்கள். இப்படி ஒரு நிகழ்ச்சி சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு பாரம் என்று எப்படி மதிப்பிடுவது? கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், அது நல்லது. பதில் எங்கே இருக்கிறது என்பதில்தான் குழப்பம்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 20121. பிரிட்டனில் 2007-ல் வந்த பிஎஸ் 8901 என்ற தரத்திலிருந்து வளர்ந்து, லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012-ல் வெளியானது. பாரிஸ் ஒலிம்பிக் நடந்த 2024-ல் திருத்திய பதிப்பு வந்தது. கல்யாண மண்டபத்தில் நடக்கும் சின்னக் கூட்டத்திலிருந்து ஒலிம்பிக் வரை எதற்கும் பொருந்தும்படி எழுதப்பட்டது.

பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐஎஸ்ஓ 20121 ஒரு மேலாண்மைத் தரம். ஆளுக்கு இத்தனை கிலோ கரியமில வாயுதான் வரலாம், இத்தனை லிட்டர் தண்ணீர்தான் போகலாம் என்று அது எந்த எல்லையும் வைப்பதில்லை. உங்கள் நிகழ்ச்சியால் என்னென்ன பாதிப்பு வரும் என்று யோசித்தீர்களா, யார் யாரைக் கேட்டீர்கள், இலக்கு வைத்தீர்களா, அளந்தீர்களா, அடுத்த முறை திருத்தினீர்களா என்றுதான் கேட்கும். நல்ல கேள்விகள்தான். ஆனால் அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் நடத்துகிற நிகழ்ச்சி, இல்லாத ஒருவர் நடத்துவதை விட அதிகப் பாரமாக இருக்கவும் முடியும். இத்தனை கிலோ, இத்தனை லிட்டர் என்ற எண்களை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நம் நாட்டில் எண் கேட்கிற இடம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு நிறுவனங்களிடம் கேட்கிற பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை. 2021-ல் அறிவித்து, 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். அதில் புகைக் கணக்கு மூன்று வகையாகப் பிரிகிறது. நிறுவனம் தன் சொந்த எரிபொருளை எரிப்பது முதல் வகை. வாங்குகிற மின்சாரம் இரண்டாவது. மற்றவர்கள் மூலமாக நடக்கிற மீதி எல்லாம் மூன்றாவது. ஊழியர் பயணம், வாடகை வண்டி, விடுதி, சாப்பாடு, மேடை, பந்தல் என்று ஒரு நிகழ்ச்சியின் கிட்டத்தட்ட எல்லாமே இந்த மூன்றாவது வகையில்தான் விழுகிறது. அந்த வகையைக் கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதியில் வைக்காமல், விருப்பமிருந்தால் சொல்லும் பகுதியில் வைத்தார்கள். ஆக, தொழிற்சாலையில் ஒரு யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் அறிக்கையில் தெரியும். நாற்பது காரில் மலையேறினால் தெரியாது. யாரோ மறைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு யாரும் பதில் தயார் செய்வதில்லை.

முதலில் வண்டி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றிருபது பேர் ஏற்காட்டில் கூடுகிறார்கள். சென்னையிலிருந்து 60, பெங்களூரிலிருந்து 40, கோயம்புத்தூரிலிருந்து 20 பேர். மலை வரைக்கும் ஒரு வழித் தூரத்தை முறையே 370, 230, 195 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லோரும் காரில், ஒரு காரில் மூன்று பேர் என்று வந்தால் சென்னைக்கு 20, பெங்களூருக்கு 13, கோயம்புத்தூருக்கு 7, மொத்தம் 40 கார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற டீசல் கார். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. போக வர சென்னைக் கார் ஒன்றுக்கு 132 கிலோ, பெங்களூர் கார் ஒன்றுக்கு 82, கோயம்புத்தூர் கார் ஒன்றுக்கு 70. கூட்டினால் 4,200 கிலோ.

இப்போது ஏற்பாட்டை மட்டும் மாற்றுவோம். இடமும் ஆட்களும் அதே. சென்னைக்காரர்கள் ராத்திரி சென்ட்ரலில் ஏறினால் விடிவதற்குள் சேலம் ஜங்ஷனில் இறங்கலாம். அந்த வண்டிக்குப் பெயரே ஏற்காடு எக்ஸ்பிரஸ். ரயிலில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் போவதற்குச் சுமார் 10 கிராம் என்று எடுத்தால், அறுபது பேருக்கும் போக வர 410 கிலோ. ஜங்ஷனிலிருந்து மலைக்கு மூன்று வேன், இன்னும் 86 கிலோ. பெங்களூர்க்காரர்களுக்கு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடுகிற ஒரு பஸ், 308 கிலோ. கோயம்புத்தூருக்கு ஒரு வேன், 131. மொத்தம் 935 கிலோ. முன்பு வந்ததில் கால்வாசி கூட இல்லை.

அந்த இரண்டு நாளில் விடுதி 1,000 யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது என்று வைத்தாலும், நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும், ஆக 700 கிலோ. கரண்ட் போனபோது ஜெனரேட்டர் 60 லிட்டர் டீசல் குடித்தால் 160 கிலோ. 19 கிலோ கேஸ் சிலிண்டர் நாலு என்றால் 230 கிலோ. மூன்றையும் சேர்த்தாலும் 1,100 கிலோ சுற்றி. எல்லோரும் காரில் வந்த கணக்கோடு இதைக் கூட்டிப் பார்த்தால், ஐந்தில் நாலு பங்கு வண்டியிலேயே முடிந்துபோகிறது. மேடையில் என்ன செய்தாலும் மீதி ஒரு பங்கில்தான் விளையாட முடியும்.

நான் பார்த்தவரை, பயணம் யாருடைய பொறுப்பும் இல்லை என்பதுதான் சிக்கலின் வேர். விடுதியை ஒருவர் பதிவு செய்கிறார். மேடையை ஒரு ஏஜென்சி பார்க்கிறது. ‘அவரவர் வசதிப்படி வந்து சேருங்கள், பில் கொடுத்தால் பணம் கிடைக்கும்’ என்று ஒரு வரியில் பயணம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை எழுதுகிறவருக்குத் தான் என்ன முடிவு எடுத்தோம் என்றே தெரியாது.

இன்னொன்று, காலியாக ஓடும் வண்டி. ஆட்களை விட்டுவிட்டு வேன் அடிவாரத்துக்கு இறங்கிச் சேலத்தில் நிற்கும், மறுநாள் திரும்பக் காலியாக ஏறும். வாடகை ஒப்பந்தத்தில் இது ஒரு டிரிப். ஆனால் மலையேற்றத்தில், இரண்டாவது கியரில், சமதளத்தை விட எவ்வளவோ அதிக டீசல் குடித்து நடக்கிற டிரிப். மதிப்பீட்டில் இதைச் சேர்க்கவே மாட்டார்கள், ஏனென்றால் அந்த வண்டியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

விமானத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் மும்பையிலிருந்து கோயம்புத்தூர் வரை பறந்து வந்து திரும்பினால், கணக்கிடும் முறையைப் பொறுத்து 200 கிலோவும் அதற்கு மேலும் வரும். நாற்பது பேர் வந்த பெங்களூர் பஸ்ஸுக்கு 308. அரை மணி நேர வாழ்த்துரைக்காக அவர் வர வேண்டுமா என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். கேட்கத்தான் வேண்டும். வீடியோவில் பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இலைக் கணக்கு

அடுத்த பெரிய விஷயம் சாப்பாடு. இங்கே இரண்டு தனித்தனிக் கணக்கு இருக்கிறது. என்ன சமைத்தோம் என்பது ஒன்று. எவ்வளவு கொட்டினோம் என்பது இன்னொன்று.

முதலாவதைப் பொதுவாகச் சொல்லலாம். ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு, ஆடு விடும் மீத்தேன் உட்பட, இருபது கிலோவுக்கு மேல் கரியமில வாயு என்று கணக்கிடுகிறார்கள். கோழி அதில் பாதிக்கும் குறைவு. பருப்பு வகைகள் ஒரு கிலோ, இரண்டு கிலோ. முப்பது கிலோ மட்டன் வாங்கினால் 600 கிலோ, அதாவது மேலே பார்த்த விடுதி மின்சாரத்தை நெருங்கிவிடும். சேலத்துக்காரனாக, விருந்தில் மட்டன் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வேளை போட்டால் போதும், மூன்று வேளையும் வேண்டாம் என்று சொல்லலாம்.

இரண்டாவதுதான் நம் கையில் இருக்கிறது. இதற்கு நம் ஊர்ச் சமையல் ஒப்பந்தம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். சமையல்காரர்கள் இலைக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். பஃபே வைத்தாலும், பாக்குமட்டைத் தட்டு வைத்தாலும், பேச்சு ‘இலை’தான். குறைந்தது இத்தனை இலை என்று எழுதிக்கொள்வார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அதற்குப் பணம் உண்டு. நூற்றிருபது பேர் என்று சொன்னால், குறைந்துபோய்க் கெட்ட பெயர் வரக்கூடாது என்று நூற்று நாற்பதுக்குச் சமைப்பார்கள். சொன்ன கம்பெனியும் ஏற்கெனவே பத்து பேரைக் கூட்டித்தான் சொல்லியிருக்கும். ஆக நூற்றைந்து பேர் சாப்பிட்ட பந்திக்கு நூற்று நாற்பது பேர் சாப்பாடு. யார் மேலும் தப்பு இல்லை. பணம் இலைக்குக் கொடுக்கும்வரை இப்படித்தான் இருக்கும்.

நாங்கள் எடை போட்ட அன்று இரண்டு டிரம் வைத்தோம். ஒன்றில் சாப்பிட்டவர்கள் தட்டில் விட்ட மிச்சம். இன்னொன்றில் பரிமாறவே படாமல் அண்டாவில் மீந்தது. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் ‘இத்தனை கிலோ வீண்’ என்று ஒரு எண் கிடைக்கும், அதனால் ஒரு பயனும் இல்லை. பிரித்து வைத்தால் கதை தெரியும். தட்டு மிச்சம் என்றால் பரிமாறியதில் தப்பு, கரண்டி பெரியது, பண்டங்கள் அதிகம். அண்டா மிச்சம் என்றால் எண்ணிக்கையில் தப்பு. அன்று தட்டு டிரம் கால்வாசிதான் நிரம்பியது. அண்டா டிரம் பொங்கல் மட்டுமே முக்கால்வாசி. முந்தைய ராத்திரி கேம்ப்ஃபயர் பன்னிரண்டரை மணி வரை நடந்திருக்கிறது. காலையில் பாதிப் பேர் எழுந்ததே ஒன்பதரைக்கு. காப்பி மட்டும் குடித்துவிட்டு வண்டியேறிவிட்டார்கள். சமையல் மாஸ்டருக்கு இது முன்பே தெரியும். “ராத்திரி பார்ட்டி வச்சா காலைல பாதி இலைதாங்க எந்திரிக்கும்” என்றார். ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை, ஒப்பந்தத்திலும் அதற்கு இடமில்லை.

அதற்கடுத்த நிகழ்ச்சியில் ஒரு மாற்றம் செய்து பார்த்தோம். எண்பது சதவீத இலைக்கு உத்தரவாதம், மீதியை முந்தைய நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மாஸ்டரிடம் உறுதிசெய்வது, மிச்சம் குறைந்தால் அவருக்குத் தனியாக ஒரு தொகை. அண்டா டிரம் காலியாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கும்போது கைக்கு வித்தியாசம் தெரிந்தது.

கொட்டிய சோறு எங்கே போகிறது என்பதும் முக்கியம். குப்பைமேட்டில் காற்று புகாமல் அழுகினால் மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 27 மடங்கு சூடேற்றும். அதே மிச்சம் மாட்டுக்கோ உரக்குழிக்கோ போனால் கதையே வேறு. வாழையிலைக்கும் இதே நியாயம்தான். இலை உரக்குழிக்குப் போனால்தான் இலை, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் அதுவும் குப்பைதான்.

மலையின் கணக்கு

இதுவரை சொன்னது உலகத்தின் கணக்கு. புகை எங்கே எழுந்தாலும் பாதிப்பு எல்லோருக்கும். ஆனால் மலைக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டு, அதில் வருகிற எதையும் மலையை விட்டு வெளியே தள்ள முடியாது. பெரும்பாலான மதிப்பீடுகள் இங்கேதான் தவறுகின்றன. ‘கார்பன்’ ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு முடித்துக்கொள்கின்றன.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்பார்கள். பேரில் ஏரி இருந்தாலும் கோடையில் மலைக் கிராமங்களில் தண்ணீருக்கு அலைச்சல்தான். பாறை நிலம். ஊற்றும் கிணறும் மழையை நம்பித்தான் இருக்கின்றன. விடுதி கட்டும்போது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்று திட்டமிடச் சொல்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு, நட்சத்திர விடுதிகளுக்கு இன்னும் அதிகம். கிராமத்து வீட்டுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கிற அளவு ஆளுக்கு 55 லிட்டர். நூற்றிருபது பேர், இரண்டு நாள், 180 லிட்டர் என்றால் 43,200 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்றரை லோடு. நூறு பேர் இருக்கிற ஒரு மலைக் கிராமத்துக்கு, அந்த 55 லிட்டர் கணக்கில், கிட்டத்தட்ட எட்டு நாள் தண்ணீர்.

இதே நிகழ்ச்சியை நவம்பரில் வைத்தால் மலைக்கு அது பெரிய பாரம் இல்லை. மே மாதத்தில் வைத்தால் பாரம். கோடை விழாவுக்கு வரும் கூட்டம், பள்ளி விடுமுறைக் கூட்டம் எல்லாம் அப்போதுதான். கார்பன் கணக்கில் இரண்டு மாதமும் ஒன்றுதான். மலையின் கணக்கில் இரண்டும் வேறு வேறு. ஆகவே எந்த மாதம் என்பதும் மதிப்பீட்டில் ஒரு வரியாக வர வேண்டும். ஆனால் மழைக்காலத்திலும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை இங்கே யாரும் மறக்கவில்லை.

குப்பையைப் பற்றிச் சட்டம் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் இன்னும் ஒரு படி போயின. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால், மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையை அங்கேயே பிரித்துக் கொடுக்க வேண்டும். எஸ்டேட்டுக்குள் கூடாரம் போட்டு, புல்வெளியில் மேடை போட்டு நடத்துகிறவர்களில் இப்படி ஒரு விதி இருந்ததையே அறிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. ஒரு மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்ற கேள்வியை அந்த உத்தரவு வெளிப்படையாக எழுப்பியது. சேர்வராயனுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

சாப்பாட்டு மிச்சத்தை விடுதிக்குப் பின்னால் சரிவில் கொட்டினால் அடுத்த நாளே குரங்குகள் வந்துவிடும். காட்டெருமைகள் எஸ்டேட்டுக்குள்ளும் ரோட்டோரத்திலும் நடமாடுகிற மலை இது. மனிதர் சாப்பாட்டின் ருசி பழகிய விலங்கை அப்புறம் எதிர்கொள்ள வேண்டியவர் காப்பித் தோட்டத்துக்கு விடிகாலையில் வேலைக்குப் போகிற அம்மாதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் போடுகிற பாட்டும் வெளிச்சமும் இதே வரிசையில் வரும்.

மனிதர்கள் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிலைத்தன்மை என்றால் சுற்றுச்சூழல் மட்டும் இல்லை என்று அந்த ஐஎஸ்ஓ தரமே சொல்கிறது. ஒரு டிசம்பர் இரவில், விடுதி வாசலில் நின்ற வேன்களில் ஒன்றின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். கண்ணாடி முழுக்கப் பனி. உள்ளே ஹீட்டர். “ரூம் தரலீங்களா அண்ணா?” என்று கேட்டேன். “டிரைவருக்கெல்லாம் ரூம் சொல்லலீங்க தம்பி, குளிரு தாங்கல, அதான் ஓட விட்டிருக்கேன்” என்றார். நாலு டிரைவர்களுக்கு ஒரு அறை போட்டிருந்தால் அந்த டீசலும் எரிந்திருக்காது, அவரும் தூங்கியிருப்பார். காலையில் இருபது வளைவுகளில் நம்மை இறக்கிக் கொண்டுபோகப் போகிறவர் அவர். அன்றிலிருந்து, டிரைவர்கள் எங்கே படுத்தார்கள் என்ற கேள்வி என் மதிப்பீட்டுத் தாளில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

அதோடு காப்பி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்து நட்ட மலை இது. சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவில் இன்றும் விளைகிறது. அந்தத் தோட்டத்தைப் பார்த்தபடி அமர்ந்து, எங்கிருந்தோ வந்த பொட்டலத் தூளில் மெஷின் காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். இங்கே விளைந்த காப்பியை வாங்கினால் பணம் மலையிலேயே தங்கும். மிளகு, பலா, கொய்யா, ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் இதேதான். பாக்குமட்டைத் தட்டு வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துப் பாக்குத் தோப்புகளிலிருந்தே கிடைக்கும். மொத்தச் செலவில் எத்தனை ரூபாய் சேலம் மாவட்டத்துக்குள் செலவானது என்று ஒரு வரி போட்டால் போதும், பில் கட்டைப் புரட்டியே நிரப்பிவிடலாம்.

மரக்கன்று

மரக்கன்று நடுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எல்லா நிகழ்ச்சியிலும் அதுதான் புகைப்படம். நாங்கள் எடை போட்ட அதே விடுதியில் கன்று நட்டு முடித்த பிறகு தோட்டக்காரப் பெரியவர் குழியைக் காட்டி, “இந்தக் குழிக்கு இது மூணாவது கம்பெனிங்க” என்றார். முதல் இரண்டும் கோடையில் காய்ந்துவிட்டன. அவர் குறை சொல்லவில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று வருத்தமாகத்தான் சொன்னார். வளர்ந்த மரமே ஆண்டுக்கு இருபது கிலோ சுற்றித்தான் கரியமில வாயுவை இழுக்கும் என்று வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். கன்றுக்கு அந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவும் பிழைத்தால். ஆகவே நட்ட எண்ணிக்கையை மதிப்பீட்டில் எழுதக் கூடாது. ஒரு வருடம் கழித்து உயிரோடு இருப்பதை எண்ணி எழுதலாம். கார்பன் கிரெடிட், அதாவது வேறெங்கோ புகையைக் குறைத்ததற்கான சான்றை விலைக்கு வாங்கிச் சரிக்கட்டுவதும் அப்படித்தான். குறைத்த பிறகு மீதிக்கு வாங்கலாம், குறைக்காமல் வாங்குவதை மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது.

பரிசுப் பை, தேதி அச்சிட்ட டி-ஷர்ட், ஃபிளெக்ஸ் பேனர் இவற்றுக்கு ஒரே கேள்விதான், அடுத்த முறையும் பயன்படுமா? ஆண்டைப் போடாமல் அச்சடித்தாலே பாதிப் பொருள் பிழைக்கும்.

தாளை நிரப்புவது

சரி, கடைசியில் ஒரு கம்பெனி இதை எப்படிச் செய்வது? பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு தாள் போதும். ஆனால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும்.

எல்லா எண்ணையும் ‘ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு’ என்று வகுத்து எழுத வேண்டும். வகுக்கும்போது உண்மையில் வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், பதிவு செய்தவர்களால் அல்ல. இதில் ஏமாற்றுவது மிக எளிது. இருநூறு பேர் பதிவு, நூற்றிருபது பேர் வருகை என்றால், பதிவால் வகுத்தாலே பாரம் நாற்பது சதவீதம் ‘குறைந்துவிடும்’. அடுத்து, எல்லைக்கோடு. எதை எண்ணினோம், எதை விட்டோம் என்று மேலேயே எழுத வேண்டும். பயணத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எண்ணிய தாளை மதிப்பீடு என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். முதல் ஆண்டு எண்ணை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது, அது தொடக்கப் புள்ளி. இரண்டாவது ஆண்டில்தான் அது பேசும்.

ஆதாரம் சீக்கிரம் மறைந்துவிடும் என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். டீசல் பில் டிரைவர் பாக்கெட்டில் ஒரு வாரம் இருக்கும். குப்பை மறுநாள் காலை போய்விடும். மீட்டர் அளவை நிகழ்ச்சி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எடுக்கவில்லை என்றால் அப்புறம் ஊகம்தான். எனவே மதிப்பிடுகிறவர் நிகழ்ச்சி முடிந்த பிறகு வரக் கூடாது. விடுதியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலேயே அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், எந்த ஊர், எந்த மாதம், எந்த வண்டி என்ற பெரிய முடிவுகள் அங்கேதான் நடக்கின்றன. நிகழ்ச்சியை நடத்துகிற ஏஜென்சியே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்வதும் சரிவராது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் போதும். பில்லைப் படிக்கத் தெரிந்தவர், தர்மசங்கடமான கேள்வியைக் கேட்கத் தயங்காதவர்.

அன்று எடை போட்ட எங்கள் தாளில் தண்ணீர் வரி காலியாகவே இருந்தது. விடுதியின் போர்வெல் குழாயில் மீட்டரே இல்லை. டேங்கர் எத்தனை வந்தது என்று மேனேஜர் ஞாபகத்திலிருந்து சொன்னார், சமையல்காரர் வேறு எண் சொன்னார். அந்த வரியில் எதையும் எழுதாமல், ஏன் காலி என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம். அடுத்த முறை இடம் பதிவு செய்யும்போது, மீட்டர் வைத்தால் வருகிறோம் என்று அந்த நிறுவனம் ஒரு வரி சேர்த்தது. போய் இறங்கிய அன்று, துணி மூட்டையை வைப்பதற்கு முன்பே, பம்ப் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். சுவரோரக் குழாயில் புது மீட்டர், அதன் கீழே சாக்பீஸால் அன்றைய தேதியும் முதல் அளவும் எழுதியிருந்தது. எழுதியவர் அந்தத் தோட்டக்காரப் பெரியவர்.